லேப்டாப்போடு கொண்டுவிக்கப் போகிறவர்களுக்கு: செட்டிநாட்டிலிருந்து பினாங்கில் போய்க் குடியமர ஒரு முழு வழிகாட்டி

நூறு வருஷத்துக்கு முன்னால் நம் பக்கத்திலிருந்து கொண்டுவிக்கப் போனவர்கள், அதாவது கடல் கடந்து தொழில் பார்க்கப் போனவர்கள், பர்மாவுக்கும் மலாயாவுக்கும் சிலோனுக்கும் மூன்று வருஷக் கணக்குக்குக் கப்பலேறினார்கள். இப்போது காரைக்குடியிலும் தேவகோட்டையிலும் உள்ள பிள்ளைகள் லேப்டாப்பைத் தோளில் மாட்டிக்கொண்டு மூன்று மாதம், ஆறு மாதம் என்று கிளம்புகிறார்கள். ஆபீஸ் பெங்களூரில், கிளையண்ட் லண்டனில், ஆள் இருப்பது வேறெங்கோ. நல்ல விஷயம்தான். ஆனால் அந்தக் காலத்து ஆள் புறப்படும்போது ஒரு வரிசை வைத்திருந்தார்: முதலில் காகிதம், அப்புறம் பணம், அப்புறம் இருப்பிடம், அதற்குள்ளேயே மனிதர்கள். இன்று பெரும்பாலோர் முதலில் கடற்கரை ஓரத்து அறையைப் பதிவு செய்துவிட்டு மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்கிறார்கள். சிக்கல் எல்லாம் அங்கேதான் தொடங்குகிறது.

உதாரணத்துக்கு மலேசியாவின் பினாங்கை, அதிலும் ஜார்ஜ் டவுனை எடுத்துக்கொள்கிறேன். திருச்சியிலிருந்து கோலாலம்பூருக்கு நேர் விமானம் இருக்கிறது. நேர வித்தியாசம் இரண்டரை மணிதான். வெளிநாட்டு நிறுவனத்துக்கு இணையத்தில் வேலை பார்ப்பவர்களுக்கென்றே அந்த அரசு தனி அனுமதி தருகிறது. வேறு ஊருக்குப் போகிறவர்களுக்கும் வரிசை இதேதான். விவரங்கள் மட்டும் மாறும்.

1. முதலில் எழுத்தில் வாங்குங்கள்

அப்போது ஏஜெண்டாகப் போகிறவர் முதலாளியிடம் சம்பளச் சீட்டு எழுதி வாங்காமல் படியிறங்க மாட்டார். எத்தனை வருஷம், என்ன சம்பளம், வீட்டுக்கு முன்பணம் எவ்வளவு என்பதெல்லாம் அதில் இருக்கும். உங்களுக்கும் அப்படி ஒன்று வேண்டும்.

வீட்டிலிருந்து வேலை பார்க்க ஆபீஸ் அனுமதித்திருக்கிறது என்றால் எந்த நாட்டிலிருந்தும் பார்க்கலாம் என்று அர்த்தமில்லை. நீங்கள் வேறு நாட்டில் மாதக்கணக்கில் உட்கார்ந்து வேலை பார்த்தால் நிறுவனத்துக்கு அங்கே வரிப் பொறுப்பு வரலாம். வாடிக்கையாளரின் தரவு நாட்டை விட்டுப் போகக் கூடாது என்று ஒப்பந்தம் இருக்கலாம். சில நிறுவனங்கள் வெளிநாட்டிலிருந்து உள்நுழைந்தால் கணக்கையே பூட்டிவிடும். அதனால் மேலாளர் வாய்வார்த்தையாகச் சொன்ன "சரி, போயிட்டு வாங்க" போதாது. எந்த நாடு, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்று மனிதவளத் துறையிடமிருந்து மின்னஞ்சல் வாங்குங்கள். விபிஎன் போட்டு மறைத்துக்கொள்ளலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். பிடிபட்டால் போவது உங்கள் வேலைதான்.

தனியாகத் தொழில் செய்கிறவர்கள் கிளையண்டோடு உள்ள ஒப்பந்தங்களைத் திரட்டி வையுங்கள். அனுமதிக்கு விண்ணப்பிக்கும்போது அவைதான் சான்று.

2. எந்த அனுமதியில் உள்ளே போவது

2023 டிசம்பரிலிருந்து இந்தியர்கள் விசா இல்லாமல் மலேசியாவுக்குப் போய் 30 நாள் தங்கலாம். அது சுற்றிப் பார்க்க, சொந்தக்காரரைப் பார்க்க. ஊரைப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்றால் அந்த முப்பது நாளை விடுமுறையாக எடுத்துக்கொண்டு போய் வாருங்கள். தங்கி வேலை பார்க்கப் போகிறீர்கள் என்றால் அதற்கு உரிய பாஸ் ‘டிஇ ராந்தாவ்’. 2022-ல் தொடங்கியது. மலேசிய டிஜிட்டல் பொருளாதாரக் கழகம் இதை நடத்துகிறது. விண்ணப்பம் முழுக்க இணையத்தில்தான். 3 மாதம் முதல் 12 மாதம் வரை கிடைக்கும். மேலும் 12 மாதம் நீட்டிக்க வழி உண்டு. மென்பொருள், டிசைன், டிஜிட்டல் மார்க்கெட்டிங் போன்ற துறைக்காரர்களுக்கு ஆண்டு வருமானம் 24,000 அமெரிக்க டாலருக்கு மேல் இருக்க வேண்டும். மற்றத் துறையினருக்கு 60,000 டாலருக்கு மேல். மனைவி, கணவர், பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளலாம்.

இந்த வருமானம் எட்டாதவர்கள் தாய்லாந்தின் டிடிவி விசாவைப் பார்க்கலாம். 2024 ஜூலையில் வந்தது. ஐந்து வருஷம் செல்லும். ஒவ்வொரு முறையும் 180 நாள் தங்கலாம். 5 லட்சம் பாட் கையிருப்பு காட்ட வேண்டும். துபாயும் ஒரு வருஷ அனுமதி தருகிறது, ஆனால் மாத வருமானம் 3,500 டாலர் கேட்கிறது. தொகைகளும் விதிகளும் மாறக்கூடியவை. விண்ணப்பிக்கும் அன்று அந்தந்த அரசின் தளத்தில் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.

இங்கே ஏஜெண்டுகளைப் பற்றிக் கொஞ்சம் காரமாகவே சொல்ல வேண்டும். சிவகங்கை, ராமநாதபுரம், புதுக்கோட்டைப் பக்கம் "இப்போ டூரிஸ்ட்டுல போங்க தம்பி, அங்க போய் மாத்திக்கலாம்" என்கிற குரலைக் கேட்காத குடும்பம் குறைவு. அங்கே போய் மாறுவது தானாக நடக்காது. 2022-ல் தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று அழைத்துப் போகப்பட்ட தமிழ்நாட்டு இளைஞர்கள் மியான்மரின் மியாவாடியில் இணைய மோசடிக் கும்பல்களிடம் சிக்கி மீட்கப்பட்டார்கள். வெளிநாட்டு வேலைக்கு ஆளெடுக்கிறவர் இந்திய வெளியுறவு அமைச்சகத்தில் பதிவு செய்தவரா என்று ‘இ-மைக்ரேட்’ தளத்தில் பார்க்க ஐந்து நிமிஷம் போதும். உங்கள் பாஸ்போர்ட்டில் ‘இசிஆர்’ முத்திரை இருந்தால் மலேசியா, தாய்லாந்து, வளைகுடா நாடுகள் எல்லாம் குடியகல்வுச் சோதனை தேவைப்படும் பட்டியலில் இருக்கின்றன. பத்தாம் வகுப்பு தேறியவர்கள் அதை நீக்கிக்கொள்ளலாம். நம் மாவட்டத்துக்கு மதுரை பாஸ்போர்ட் அலுவலகம்.

3. ஊரில் முடித்துவிட்டுக் கிளம்ப வேண்டியவை

பாஸ்போர்ட்டில் ஆறு மாதத்துக்கு மேல் காலம் இருக்கிறதா என்று பாருங்கள். இதெல்லாம் எல்லோரும் சொல்வார்கள். அதிகம் சொல்லப்படாத மூன்று விஷயங்கள் இருக்கின்றன.

ஒன்று, உங்கள் கைப்பேசி எண். வங்கி, ஆதார், வருமான வரி எல்லாம் அந்த ஓடிபியில் தொங்குகின்றன. வெளிநாட்டில் குறுஞ்செய்தி வர வேண்டுமென்றால் சர்வதேச ரோமிங் திறந்திருக்க வேண்டும்; டேட்டா ரோமிங் அணைந்திருக்க வேண்டும். இரண்டும் வேறு வேறு. பெரும்பாலான திட்டங்களில் வருகிற குறுஞ்செய்திக்குக் காசில்லை. ஆனால் ரீசார்ஜ் காலாவதியானால் செய்தி வராது. ஆறு மாதத்துக்குச் சேர்த்துப் போட்டுவிட்டுக் கிளம்புங்கள். இரண்டு சிம் போடக்கூடிய போன் அவசியம். அதோடு வங்கிச் செயலியில் கார்டின் வெளிநாட்டுப் பயன்பாட்டைத் திறந்து வையுங்கள். ரிசர்வ் வங்கி விதிப்படி நாமாகத் திறக்காதவரை அது மூடியே இருக்கும். இரண்டு வங்கிகளின் கார்டு எடுத்துப் போங்கள், ஒன்றைப் பர்ஸில், ஒன்றைப் பெட்டியில்.

இரண்டு, பூர்வீக வீடு. நம் ஊரில் ஒரு வளவுக்குப் பத்துப் பதினைந்து பங்குதாரர்கள் இருப்பது சாதாரணம். ஓடு மாற்ற, வாடகைக்கு விட, ஏதாவது பத்திரத்தில் கையெழுத்துப் போட உங்களைத் தேடுவார்கள். வெளிநாட்டிலிருந்து அதைச் செய்ய இந்தியத் தூதரகத்துக்கு அலைய வேண்டும். அப்பாவுக்கோ அண்ணனுக்கோ குறிப்பிட்ட வேலைக்கு மட்டும் என்று எழுதி, சார்பதிவாளர் அலுவலகத்தில் பவர் பதிவு செய்துகொடுத்துவிட்டுப் போனால் நிம்மதி. பொது அதிகாரம் வேண்டாம். அண்ணன் மேல் சந்தேகம் என்று இல்லை, நாளைக்கு அண்ணனுக்கே அது தலைவலி.

மூன்று, பெட்டியில் வைக்கும் பொருள்கள். அப்பத்தா அரைத்துத் தரும் குருமாப் பொடியில் கசகசா இருக்கிறதா என்று கேளுங்கள். சிரிக்க வேண்டாம். கசகசா சிங்கப்பூரிலும் ஐக்கிய அரபு அமீரகத்திலும் தடை செய்யப்பட்ட பொருள். அபினிச் செடியின் விதை என்பதால் போதைப்பொருள் சட்டத்தில் வருகிறது. பினாங்குக்குச் சிங்கப்பூர் வழியாகப் போகிறவர்கள் நிறைய. பொடி இல்லாமல் குருமா வைத்துச் சாப்பிடலாம், சுங்கத்தில் நின்றுகொண்டிருக்க முடியாது. மாத்திரைகளும் அப்படித்தான்: கோடீன் கலந்த இருமல் மருந்து, தூக்க மாத்திரை, பலமான வலி மாத்திரை எதுவாக இருந்தாலும் மருத்துவர் சீட்டு கூடவே இருக்க வேண்டும், அட்டையைப் பிரித்து டப்பாவில் கொட்டாதீர்கள். மலேசியாவில் பிளக் பிரிட்டிஷ் பாணி, மூன்று பட்டைக் கால். நம் உருண்டைக் கால் பிளக் அங்கே நுழையாது. அடாப்டர் இரண்டு, நம்மூர் எக்ஸ்டென்ஷன் பெட்டி ஒன்று எடுத்துக்கொண்டால் எல்லாவற்றையும் சொருகிக்கொள்ளலாம்.

மருத்துவக் காப்பீடு: ஆபீஸ் கொடுத்திருப்பது பெரும்பாலும் இந்தியாவுக்குள் மட்டும்தான். பாலிசிக் காகிதத்தை வாசித்துப் பாருங்கள்.

4. போய்ச் சேர்வது

காரைக்குடியிலிருந்து திருமயம், புதுக்கோட்டை வழியாகத் திருச்சி விமான நிலையம் இரண்டு மணி நேரத்துக்குள். பிள்ளையார்பட்டியில் ஒரு தேங்காய் உடைத்துவிட்டுத்தான் போவேன் என்பவர்கள் அதை முந்தின நாளே முடித்துவிடுங்கள். திருச்சியிலிருந்து கோலாலம்பூர் ஏறக்குறைய நான்கு மணி நேரம். அங்கிருந்து பினாங்குக்கு உள்ளூர் விமானம் ஒரு மணி நேரம். நேரம் இருந்தால் ரயிலில் பட்டர்வொர்த் போய்ப் படகில் கடலைக் கடந்து ஜார்ஜ் டவுனில் இறங்கலாம். பெட்டி அதிகமாக இருந்தால் இது வேண்டாம்.

வந்திறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் மலேசிய டிஜிட்டல் வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும். இலவசம். காசு கேட்கிற தளம் வந்தால் அது அரசுத் தளம் இல்லை.

5. முதல் வாரம்: கிட்டங்கி முறை

ஜார்ஜ் டவுனின் பினாங்கு வீதியில் அப்போது செட்டியார் கிட்டங்கிகள், அதாவது வட்டித் தொழில் நடத்தும் பொதுக் கூடங்கள், இருந்தன. நீளமான கூடம், தரையில் வரிசையாகச் சாய்வு மேசைகளும் மரப்பெட்டிகளும். ஒவ்வொரு பெட்டியும் ஒரு மார்க்காவின், அதாவது ஒரு தொழில் நிறுவனத்தின், கடை. பகலில் அங்கே சம்மணமிட்டுப் பேரேடு எழுதுவார்கள், இரவில் அதே இடத்தில் பாய் விரிப்பார்கள். சமையல் பொது. புதிதாக வந்த பெட்டியடிப் பையன் (தொழில் பழகும் உதவியாள்) பக்கத்துப் பெட்டிக்காரரைப் பார்த்தே ஊரைக் கற்றுக்கொள்வான்: யார் நம்பகமானவர், எந்தக் கடைக்குக் கடன் கொடுக்கலாம், எந்த வீதியில் இரவு நடக்கக் கூடாது.

இதை இப்படி எடுத்துக்கொள்ளுங்கள்: முதல் மூன்று நான்கு வாரத்துக்கு மட்டும் அறை பதிவு செய்யுங்கள். மனிதர்கள் கூடிப் புழங்கும் இடமாக, லிட்டில் இந்தியாவிலிருந்து நடந்துபோகும் தூரத்தில். ஆறு மாத வாடகையை ஊரிலிருந்தே அனுப்பாதீர்கள். படத்தில் வெளிச்சமாகத் தெரிகிற வீட்டுக்குக் கீழே அதிகாலை இரண்டு மணி வரை திறந்திருக்கும் கடை இருக்கலாம்.

முதல் நாள் ஒரு உள்ளூர் சிம் வாங்குங்கள். பாஸ்போர்ட் காட்டினால் போதும். அந்த எண் வந்ததும் ‘கிராப்’ செயலியையும் ‘டச் அண்ட் கோ’ பணப்பையையும் போட்டுக்கொள்ளுங்கள். டாக்சி, சாப்பாடு, கடை எல்லாம் அதில் நடக்கும். நம் ஜிபேயை நம்பிப் போகாதீர்கள். கொஞ்சம் ரொக்க ரிங்கிட் எப்போதும் கையில் இருக்கட்டும். சாலையோரக் கடைகளுக்கு அதுதான் சுலபம். ஜார்ஜ் டவுனுக்குள் ‘கேட்’ என்கிற இலவசப் பேருந்து சுற்றுகிறது. இரண்டு மூன்று முறை சும்மா ஏறி முழுச் சுற்று வாருங்கள், ஊர் பிடிபட்டுவிடும். அவசர எண் 999.

அந்த வாரத்தில் வேலையைக் குறைத்துக்கொள்ளுங்கள். வந்த மறுநாளே பெரிய கூட்டம் வைத்துக்கொள்பவர்கள் நல்ல இணையம் தேடியே அந்த நாளைக் கழிப்பார்கள்.

6. வீடு பிடித்தல்

இதில்தான் அவசரப்படக் கூடாது. ஜார்ஜ் டவுனின் பழைய பகுதி 2008 முதல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் இருக்கிறது. வீடுகள் அழகு. நம் செட்டிநாட்டு வீட்டின் வானவெளி முற்றம் போலவே நடுவில் திறந்த முற்றம் வைத்துக் கட்டிய நீள வீடுகள். ஆனால் சுவர் பழசு, ஈரம் ஏறும், சத்தம் கேட்கும். மாலை ஆறு மணிக்கு மேல் லண்டனோடு பேச வேண்டியவருக்கு அது சரிவராது. புலாவ் தீக்குஸ், தஞ்சோங் தொக்கோங் பக்கம் அடுக்குமாடி அமைதியாக இருக்கும், வாடகை கூடுதல். பாயான் லெப்பாஸ் விமான நிலையத்துக்கும் தொழிற்பேட்டைக்கும் பக்கம், ஊருக்குத் தூரம்.

வீடு பார்க்கப் போகும்போது நீங்கள் வேலை செய்யும் நேரத்துக்கே போங்கள். கைப்பேசியில் மலேசிய சிம்மின் வேகத்தையும் வீட்டு வைஃபையின் வேகத்தையும் தனித்தனியே பாருங்கள். ஃபைபர் இணைப்பு ஏற்கெனவே இருக்கிற வீடாகத் தேர்ந்தெடுங்கள். புதிதாகப் போடப் போனால் இரண்டு வருஷ ஒப்பந்தம் கேட்பார்கள். குழாயைத் திறந்து தண்ணீரின் அழுத்தம் பாருங்கள். ஏசி எத்தனை வருஷம் பழசு என்று கேளுங்கள், மின்கட்டணம் உங்கள் தலையில்தான். சமையலறையில் புகைபோக்கி இருக்கிறதா என்பதையும். மிளகாய் தாளிக்கிற நம் சமையலுக்கு அடைத்த சமையலறை ஒத்துவராது, பக்கத்து வீட்டுக்காரர் இருமிக்கொண்டே கதவைத் தட்டுவார்.

முன்பணம் அங்கே வழக்கமாக இரண்டு மாத வாடகை, மின்சாரம்-தண்ணீருக்கு அரை மாதம், அதோடு முதல் மாத வாடகை. மொத்தம் மூன்றரை மாதத் தொகை கையில் வைத்துக்கொண்டு பேசப் போங்கள். வாடகை ஒப்பந்தத்துக்கு முத்திரை வரி கட்டி முத்திரையிட்டுத் தரச் சொல்லுங்கள். முத்திரை இல்லாத ஒப்பந்தம் தகராறு வந்தால் உதவாது. குறைந்த மாதத்துக்கு எடுக்கிறீர்கள் என்றால் முன்னதாகக் காலி செய்யும் நிபந்தனை என்ன என்பதை வரி வரியாகப் படியுங்கள். சாவி வாங்கும் நாளில் ஒவ்வொரு அறையையும், சுவரில் உள்ள ஒவ்வொரு கீறலையும், மின்மீட்டர் எண்ணையும் படம் பிடித்து அன்றே வீட்டுக்காரருக்கு வாட்ஸப்பில் அனுப்பிவிடுங்கள். சண்டைக்கு இல்லை, நினைவுக்கு என்று சொல்லி அனுப்பலாம்.

7. இரண்டரை மணி நேரம்

பினாங்கு நம்மைவிட இரண்டரை மணி முந்தி. இந்தியாவில் ஒன்பதரைக்கு ஆபீஸ் தொடங்கினால் உங்களுக்கு மதியம் பன்னிரண்டு. காலை முழுக்க உங்கள் கையில். லண்டன் காலை ஒன்பது, கோடையில் உங்களுக்கு மாலை நான்கு, குளிர்காலத்தில் ஐந்து. நியூயார்க்கின் ஒன்பது, இரவு ஒன்பது அல்லது பத்து. அமெரிக்க வேலைக்காரர்கள் தனியறை இல்லாமல் தங்க வேண்டாம். வாரத்தில் இரண்டு மூன்று நாளாவது பொதுப் பணியிடத்தில் உட்காருங்கள். வீட்டில் இணையம் போனால் போக ஒரு இடம் வேண்டும்.

8. கணக்கு

வரிக்கு ஒரு நாட்டில் குடியிருப்பவராகக் கணக்காக, இரண்டு நாட்டிலும் பொதுவாக 182 நாள் தங்குவதுதான் கோடு; ஆனால் நம் கணக்கு ஏப்ரலிலிருந்து மார்ச், அவர்களுடையது ஜனவரியிலிருந்து டிசம்பர். அதனால் ஒரே பயணம் இரண்டு நாட்டிலும் வேறு வேறு மாதிரி விழும். இரு நாட்டுக்கும் இடையே இரட்டை வரி தவிர்ப்பு ஒப்பந்தம் இருக்கிறது. ஆனால் அது தானாக வந்து காப்பாற்றாது, படிவம் கொடுத்துக் கேட்க வேண்டும். கிளம்பும் முன்பே ஆடிட்டரிடம் தேதிகளைக் காட்டுங்கள். திரும்பி வந்து காட்டினால் அவர் செய்ய அதிகம் இருக்காது. விமானச் சீட்டு, பாஸ்போர்ட் முத்திரைப் பக்கம் எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போட்டு வையுங்கள்.

எல்லாப் பணத்தையும் ஒரே நாட்டில் வைக்காதீர்கள் என்று நம் ஊரில் யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. 1930-களில் பர்மாவில் நெல் விலை விழுந்தபோது கடனுக்கு ஈடாக நிலம் நிலமாகச் செட்டியார்கள் கைக்கு வந்தது. 1942-ல் ஜப்பான் படை வந்ததும் அத்தனையையும் விட்டுவிட்டு வர வேண்டியதாயிற்று. உங்கள் அளவில் அது இவ்வளவுதான்: இரண்டு மாதச் செலவு மலேசியாவில், மீதி ஊர்க் கணக்கில். மாதக் கடைசியில் ரூபாயில் ஒரு ஐந்தொகை (வரவு, செலவு, இருப்புக் கணக்கு) போட்டுப் பாருங்கள். ரிங்கிட்டில் சின்ன எண்ணாகத் தெரிகிற காபி, ரூபாயில் வேறு மாதிரி தெரியும்.

9. மனிதர்கள்

குவீன் வீதி மாரியம்மன் கோயில் 1833-ல் எழுந்தது. தண்ணீர்மலை நகரத்தார் கோயிலுக்குத் தைப்பூசத்துக்கு முந்தின நாள் போகும் வெள்ளித் தேர் 1894-ல் காரைக்குடியிலிருந்து கப்பலில் போனது. அதற்காக அந்த ஊர் நம்முடையது என்கிற நினைப்போடு போகாதீர்கள். அங்கே உள்ள தமிழர்கள் நான்கைந்து தலைமுறையாக மலேசியர்கள். "இந்தியாவுல எந்த ஊரு?" என்று கேட்டால் பலருக்குப் பிடிக்காது. நம் பக்கத்தில் முதல் பேச்சிலேயே கேட்கிற "எந்தக் கோயில், எந்த வீடு, என்ன ஆளுக" எல்லாம் அங்கே வேண்டவே வேண்டாம்.

கடைக்காரரை அண்ணே, அக்கா என்று கூப்பிடுங்கள். பொட்டலம் கட்டச் சொல்ல ‘தப்பாவ்’, முடியுமா என்று கேட்க ‘போலே’, நன்றிக்கு ‘தெரிமா காசி’. இந்த மூன்று வார்த்தை முதல் வாரத்துக்குப் போதும். ஒரே காபிக் கடைக்குத் தினமும் ஒரே நேரத்துக்குப் போங்கள். பத்தாவது நாள் வீடு எங்கே காலி என்று அவர்களே சொல்வார்கள். ஞாயிறு காலை கோயிலில், நூலகத்தில், பூப்பந்து மைதானத்தில், எங்காவது ஒரு இடத்தில் தவறாமல் தலைகாட்டுங்கள். மற்ற வெளிநாட்டுப் பயணிகளோடு மட்டும் பழகுகிறவர்களுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை நண்பர்கள் தீர்ந்துபோகிறார்கள்.

சைவக்காரர்கள் நாசி கண்டார் கடையில் (சோறும் பல வகைக் குழம்பும் விற்கும் கடை) குழம்பு கேட்கும் முன் விசாரியுங்கள், ஒரே கரண்டி எல்லாப் பாத்திரத்திலும் போய் வரும். வாழையிலைச் சாப்பாட்டுக் கடைகள் நிறைய இருக்கின்றன, பட்டினி கிடக்க மாட்டீர்கள்.

10. திரும்பும்போது

காலி செய்வதை ஒப்பந்தத்தில் சொன்ன முன்னறிவிப்போடு எழுத்தில் தெரிவியுங்கள். மின்சாரம், இணையம் எல்லாவற்றுக்கும் கடைசி ரசீது வாங்கிக்கொண்டு, சாவி வாங்கிய நாளில் எடுத்த படங்களை வைத்து வீட்டுக்காரரோடு அறை அறையாக நடந்து பாருங்கள். முன்பணம் எந்தத் தேதிக்குள், எந்தக் கணக்குக்கு வரும் என்பதையும் எழுதி வாங்குங்கள். மலேசியக் கணக்கை அது வந்த பிறகு மூடுங்கள். பாஸை நீட்டிக்க நினைக்கிறவர்கள் கடைசி மாதம் வரை காத்திருக்காமல் முன்கூட்டியே விண்ணப்பித்துவிடுங்கள், முடிவு வரும்வரை திரும்பும் டிக்கெட்டை ரத்து செய்ய வேண்டாம்.